இயங்குதளக் கருனிகளின் வன்பொருள் விவரிப்பில் பட்டையகல அலகுகளைத் தரப்படுத்தல்: லினக்ஸ் சாதன மரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினி வன்பொருளின் அமைப்பை இயங்குதளத்திற்கு எடுத்துரைக்கும் விவரிப்புகளில் எண்கள் மட்டுமே பதிவாகின்றன, அலகுகள் பதிவாவதில்லை. ஆகவே ஓர் எண் எந்த அலகில் தரப்பட்டுள்ளது என்பதைப் பண்பின் பெயரோ அதற்குரிய ஆவணமோ முன்கூட்டியே வரையறுத்தாக வேண்டும். நேரம், அதிர்வெண், மின்னழுத்தம் ஆகியவற்றிற்கு இவ்வரையறை எளிதாக அமைந்தது. பட்டையகலத்திற்கோ பிட்டா பைட்டா, ஆயிரத்தின் மடங்கா 1024இன் மடங்கா, எண்ணின் கொள்ளளவு போதுமா, சுருக்கக் குறியீட்டை எவ்வாறு எழுதுவது என்னும் நான்கு சிக்கல்கள் ஒருங்கே எழுகின்றன. லினக்ஸ் கருனியின் சாதன மரத்தில் நொடிக்குக் கிலோபைட் என்னும் அலகு இச்சிக்கல்களுக்கு எவ்வாறு விடையாகிறது என்பதையும், அவ்விடையின் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லாத தமிழில் இவ்வலகுகளை எழுதும் முறை குறித்தும் இறுதியில் ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: இயங்குதளம், கருனி, சாதன மரம், பட்டையகலம், அலகு, பின்னொட்டு, இடையிணைப்பு, கலைச்சொல்.

முன்னுரை

ஒரு கைப்பேசியின் சில்லில் மையச் செயலி, வரைகலைச் செயலி, திரைக் கட்டுப்படுத்தி, படக்கருவி இடைமுகம் எனப் பல பகுதிகள் உள்ளன. இவை அனைத்தும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. நினைவகத்திற்குச் செல்லும் பாதைகள் எந்நேரமும் முழு வேகத்தில் இயங்கினால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். தேவைக்குக் குறைந்த வேகத்தில் இயங்கினால் திரையில் படம் அறுபடும். எப்பொழுது எவ்வளவு வேகம் வேண்டும் என்பதை முடிவு செய்வது இயங்குதளத்தின் மையப் பகுதியான கருனியின் பணி. அம்முடிவை எடுப்பதற்கு ஒவ்வொரு பகுதியும் ஒரு நொடியில் எவ்வளவு தரவைக் கடத்துகிறது என்னும் அளவு, அதாவது பட்டையகலம், கருனிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவை எந்த அலகில் எழுதுவது என்பது முதற்பார்வையில் சிறு வினாவாகத் தோன்றும். ஆனால் வன்பொருள் விவரிப்பில் ஒருமுறை தெரிவு செய்த அலகைப் பின்னர் மாற்றுவது ஏறத்தாழ இயலாத செயல். பிழையான தெரிவு கருனியின் நிரலிலும், எண்ணற்ற கருவிகளில் ஏற்கெனவே பதியப்பட்ட தரவுகளிலும் நிலைத்துவிடுகிறது. இக்காரணத்தால் அலகுத் தெரிவு நிரலாக்க நடைச் சிக்கல் என்பதைக் கடந்து வடிவமைப்புச் சிக்கலாகிறது. இக்கட்டுரையில் பண்புகளின் பெயர்கள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன.

1. சாதன மரமும் அலகற்ற எண்களும்

வன்பொருளைத் தானே கண்டறிய இயலாத கணினிகளுக்கு அதனை எடுத்துரைக்கும் தரவு வடிவமே சாதன மரம். இதன் வேர்கள் 1994ஆம் ஆண்டின் ஐஇஇஇ 1275 தரத்தில் உள்ளன. ஓப்பன் ஃபர்ம்வேர் எனப்படும் அத்தரம் சன், ஆப்பிள், ஐபிஎம் ஆகிய நிறுவனங்களின் கணினிகளில் பயன்பட்டது. லினக்ஸ் கருனி முதலில் பவர்பிசி கட்டமைப்பிற்கும், 2011ஆம் ஆண்டிற்குப் பின் ஆர்ம் கட்டமைப்பிற்கும் இதனை விரிவாக ஏற்றுக்கொண்டது. 2016 முதல் சாதன மர விவரக்குறிப்பு தனி ஆவணமாக வெளிவருகிறது.

சாதன மரம் கணுக்களாலும் பண்புகளாலும் ஆனது. ஒவ்வொரு கணுவும் ஒரு சாதனத்தையோ அதன் பகுதியையோ குறிக்கும். ஒவ்வொரு பண்பும் ஒரு பெயரையும் ஒரு மதிப்பையும் கொண்டிருக்கும். மனிதர் படிக்கும் மூல வடிவிலிருந்து நிரல்பெயர்ப்பி இருமக் கோப்பு ஒன்றை உருவாக்குகிறது. அக்கோப்பில் எண் மதிப்புகள் 32 பிட் அகலமுள்ள அறைகளில் வைக்கப்படுகின்றன. அவ்வறையில் இருப்பது எண் மட்டுமே. அது ஹெர்ட்சா, மைக்ரோவோல்ட்டா, பைட்டா என்று சொல்லும் குறிப்பு எதுவும் அதனுடன் செல்வதில்லை. எண்ணின் வகையும் கோப்பில் பதிவாவதில்லை. எனவே எழுதுபவரும் படிக்கும் இயக்கியும் ஒரே அலகை மனத்தில் கொண்டிருப்பதற்கு வேறொரு வழி தேவைப்படுகிறது.

அவ்வழி பண்பின் பெயரிலேயே அலகைச் சேர்ப்பதாகும். லினக்ஸ் ஆவணங்களில் அலகுப் பின்னொட்டுகளின் பட்டியல் ஒன்று உருவானது. நேரத்திற்கு மில்லிநொடி, மைக்ரோநொடி, நானோநொடி. அதிர்வெண்ணிற்கு ஹெர்ட்ஸ், மெகாஹெர்ட்ஸ். மின்சாரத்திற்கு மைக்ரோவோல்ட், மைக்ரோஆம்ப், ஓம். வெப்பநிலைக்கு மில்லிசெல்சியஸ் எனப் பின்னொட்டுகள் வரையறுக்கப்பட்டன. இப்பட்டியல் இன்று சாதன மரச் சரிபார்ப்புக் கருவியின் பகுதியாக உள்ளது. ஒரு பண்பின் பெயர் இப்பின்னொட்டுகளுள் ஒன்றில் முடிந்தால், அதன் மதிப்பு எவ்வகை எண்ணாக இருக்க வேண்டும் என்பதைக் கருவி தானே அறிந்துகொள்ளும். பிணைப்பு ஆவணம் எழுதுபவர் அதனைத் தனியே கூற வேண்டியதில்லை. இதனால் பின்னொட்டு மனிதர்க்கு உதவும் குறிப்பாக மட்டுமன்றி, இயந்திரம் சரிபார்க்கும் விதியாகவும் ஆகிறது.

2. ஒரே கருத்து, பல எழுத்து முறைகள்

அலகு பெயரில் இல்லாதபோது நேர்வது என்ன என்பதை வேகத்தைக் குறிக்கும் பழைய பண்புகள் காட்டுகின்றன. ஈதர்நெட் கட்டுப்படுத்தியின் கணுவில் 'மேக்ஸ்-ஸ்பீட்' என்னும் பண்பு நொடிக்கு மெகாபிட் அலகில் எழுதப்படுகிறது. தொடர்முறைத் துறையில் இணைந்த சாதனத்தின் கணுவில் அதே பெயருடைய பண்பு பாட் வீதத்தைக் குறிக்கிறது. ஒன்றில் 1000 என்பது நொடிக்கு 100 கோடி பிட். மற்றதில் 115200 என்பது நொடிக்கு 115200 குறிகள். பெயர் ஒன்றாயினும் அலகு இரண்டு.

பிசிஐ எக்ஸ்பிரஸ் கணுவில் வரும் 'மேக்ஸ்-லிங்க்-ஸ்பீட்' பண்பின் மதிப்பு வேகமே அன்று; அது தலைமுறை எண். 3 என்று எழுதினால் மூன்றாம் தலைமுறை என்பது பொருள். யூஎஸ்பி கணுவின் 'மேக்சிமம்-ஸ்பீட்' பண்பில் எண்ணே இல்லை. 'ஹை-ஸ்பீட்', 'சூப்பர்-ஸ்பீட்' போன்ற சொற்சரங்கள் மதிப்பாக வருகின்றன. கேன் பாட்டையின் 'மேக்ஸ்-பிட்ரேட்' நொடிக்குப் பிட் அலகில் அமைகிறது. எஸ்பிஐ சாதனங்களில் வேகத்திற்கு மாறாகக் கடிகார அதிர்வெண் ஹெர்ட்சில் தரப்படுகிறது.

இவை ஒவ்வொன்றும் தத்தம் துறையின் மரபிற்கு இசைவானவை. பிசிஐ பொறியாளருக்குத் தலைமுறை எண் இயல்பானது. வலைப்பின்னல் பொறியாளருக்கு மெகாபிட் இயல்பானது. தலைமுறை எண்ணைப் பயன்படுத்துவதில் ஒரு நன்மையும் உண்டு. பிசிஐ எக்ஸ்பிரசின் முதல் தலைமுறையில் ஒரு தடத்தின் குறி வீதம் நொடிக்கு 250 கோடி. ஆயினும் 8 பிட் தரவை 10 பிட்டாகக் குறியேற்றுவதால், கிடைக்கும் பட்டையகலம் நொடிக்கு 250 மெகாபைட் மட்டுமே. மூன்றாம் தலைமுறையில் குறி வீதம் 800 கோடி. குறியேற்றம் 130 பிட்டுக்கு 128 பிட் தரவு என மாறியதால் கிடைப்பது ஏறத்தாழ 985 மெகாபைட். குறி வீதம் 3.2 மடங்கு உயர, பயன்படு பட்டையகலம் 3.9 மடங்கு உயர்ந்தது. தலைமுறை எண் இவ்விரண்டையும் ஒருசேரக் குறிப்பதால் அங்குக் குழப்பம் எழுவதில்லை.

ஆனால் இவையெல்லாம் ஒரே நினைவகப் பாதையைப் பகிரும்போது, அவற்றின் தேவைகளைக் கூட்டியாக வேண்டும். தலைமுறை எண்ணையும் சொற்சரத்தையும் மெகாபிட்டையும் கூட்ட இயலாது. பொது அலகின் தேவை இவ்விடத்தில்தான் தோன்றுகிறது.

3. அலகுத் தெரிவின் நான்கு வினாக்கள்

3.1 பிட்டா, பைட்டா?

தகவல்தொடர்புத் துறை பிட்டில் எண்ணுகிறது. நினைவகத் துறை பைட்டில் எண்ணுகிறது. கம்பியில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதால் முதல் மரபும், நினைவகம் பைட்டுகளாக முகவரியிடப்படுவதால் இரண்டாம் மரபும் உருவாயின. சில்லின் உட்புறப் பாதைகள் நினைவகத்தை நோக்கியவை. அவற்றின் அகலமும் 4, 8, 16 பைட் எனவே கணக்கிடப்படுகிறது. பட்டையகலத்தைப் பைட்டில் தந்தால், பாட்டையின் அகலத்தால் வகுத்தவுடன் தேவையான கடிகார அதிர்வெண் கிடைத்துவிடும். மேலும் கம்பியில் செல்லும் பிட்டுகளுள் குறியேற்றத்திற்கான கூடுதல் பிட்டுகளும் அடங்கும். எட்டால் வகுத்துப் பைட்டாக்கும் எளிய கணக்கு அங்குப் பிழைபடும். 8 பிட் தரவுடன் ஒரு தொடக்க பிட்டும் ஒரு நிறுத்த பிட்டும் சேரும் 115200 பாட் தொடர்முறை இணைப்பில் நொடிக்கு 11520 பைட் செல்லும். எட்டால் வகுத்தால் வரும் 14400 பைட் செல்லாது.

3.2 ஆயிரமா, 1024ஆ?

கிலோ என்னும் முன்னொட்டு அனைத்துலக அலகு முறையில் ஆயிரத்தைக் குறிக்கும். நினைவகக் கொள்ளளவைக் கூறும் வழக்கில் அது 1024ஐக் குறித்தும் வந்துள்ளது. இக்குழப்பத்தை நீக்க அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இல் கிபி, மெபி, கிபி என ஒலிக்கும் ஜிகா இணையான முன்னொட்டு முதலியவற்றை இருமப் பெருக்கங்களுக்கெனத் தனியே வகுத்தது. வேறுபாடு கிலோ நிலையில் 2.4 விழுக்காடு, மெகா நிலையில் 4.9, ஜிகா நிலையில் 7.4, டெரா நிலையில் ஏறத்தாழ 10 விழுக்காடு. அளவு பெருகப் பெருகப் பிழையும் பெருகுகிறது. இரு வழக்கும் கலந்த நிலைக்கு 1.44 மெகாபைட் நெகிழ்வட்டு சான்று. அதன் கொள்ளளவு 1440 மடங்கு 1024 பைட். அங்கு மெகா என்பது 10 லட்சமும் அன்று, 1048576உம் அன்று, 1024000 ஆகும்.

பட்டையகலம் கொள்ளளவன்று, அது அதிர்வெண்ணும் அகலமும் பெருகிய தொகை. அதிர்வெண் எப்போதும் பதின்ம முன்னொட்டுகளில் அளக்கப்படுகிறது. எனவே பட்டையகலத்திற்கும் பதின்ம முறையே பொருந்தும்.

3.3 எண்ணின் கொள்ளளவு

32 பிட் அறையில் அடங்கும் பெரும எண் 4,294,967,295. நொடிக்குப் பிட் என்னும் அலகை எடுத்தால், அவ்வறையில் நொடிக்கு 537 மெகாபைட் அளவே எழுத இயலும். நொடிக்குப் பைட் என எடுத்தால் எல்லை 4.29 ஜிகாபைட். 64 பிட் அகலமுள்ள டிடிஆர்3-1600 நினைவகத்தின் பெருமப் பட்டையகலமே 12.8 ஜிகாபைட், ஆகவே இவ்விரு அலகுகளும் 32 பிட்டில் போதா. நொடிக்குக் கிலோபைட் என எடுத்தால் எல்லை 4.29 டெராபைட் ஆக உயர்கிறது. மெகாபைட் என எடுத்தால் 4.29 பெட்டாபைட்.

கொள்ளளவு வழியும்போது எச்சரிக்கை எதுவும் எழாமை இதன் ஆபத்து. 3840 புள்ளி அகலமும் 2160 புள்ளி உயரமும் உடைய திரை ஒன்று, புள்ளிக்கு 4 பைட் வீதம், நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டால் ஓர் அடுக்கிற்கு நொடிக்கு 1,990,656,000 பைட் தேவை. இரண்டு அடுக்குகளுக்கு 3,981,312,000 பைட். இது 32 பிட்டில் அடங்கும். மூன்றாம் அடுக்கும் சேர்ந்தால் 5,971,968,000 பைட், இது அடங்காது. குறியற்ற எண் கணக்கில் எஞ்சி நிற்பது 1,677,000,704. அதாவது மூன்று அடுக்குகளுக்கான கோரிக்கை ஓர் அடுக்கின் தேவையைவிடக் குறைவான எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டு அடுக்குகள் வரை செம்மையாக இயங்கிய நிரல் மூன்றாவதில் காரணம் தெரியாமல் தவறும்.

இதற்கு மாற்றாக 64 பிட் எண்களைப் பயன்படுத்தலாம். சாதன மரத்தில் அதற்கு வழியுண்டு. இயக்கப் புள்ளி அட்டவணைகளில் வரும் அதிர்வெண் பண்பும், படக்கருவி இணைப்புகளின் அதிர்வெண் பண்பும் 64 பிட் எண்களாகவே எழுதப்படுகின்றன. ஆயினும் அவ்வகலத்தை எழுதுபவர் ஒவ்வொரு முறையும் தனியே குறிக்க வேண்டும். மறந்தால் 32 பிட் அறையே உருவாகும். பொருத்தமான முன்னொட்டைத் தெரிந்தால் இச்சுமை நீங்கும்.

மறுமுனையில் மிகப்பெரிய முன்னொட்டும் தீங்காகும். நொடிக்கு 11520 பைட் செல்லும் தொடர்முறை இணைப்பை மெகாபைட்டில் முழு எண்ணாக எழுதினால் 0 ஆகும். சாதன மரத்தில் பின்ன எண்களுக்கு இடமில்லை. சுழியம் என்பது தேவையே இல்லை என்று பொருள்படுமாதலால், அப்பாதை அணைக்கப்படவும் கூடும். கிலோபைட்டில் அதே அளவு 11 அல்லது 12 என எழுதப்படும்; தேவை உண்டு என்பதேனும் பதிவாகும்.

3.4 எழுத்து வடிவம்

ஆங்கிலச் சுருக்கத்தில் 'பி' என்னும் எழுத்தின் பெரிய வடிவம் பைட்டையும் சிறிய வடிவம் பிட்டையும் குறிக்கிறது. 'எம்' எழுத்தின் பெரிய வடிவம் மெகா. சிறிய வடிவம் மில்லி. 'கே' எழுத்தின் சிறிய வடிவம் கிலோ. பெரிய வடிவம் கெல்வின் என்னும் வெப்பநிலை அலகு. சாதன மரப் பண்புகளின் பெயர்களையோ சிறிய எழுத்துகளிலேயே எழுதுவது மரபு. இவ்விரண்டு மரபுகளும் இங்கு மோதுகின்றன.

இம்மோதல் புதிதன்று. முன்னரே இருந்த பின்னொட்டுகளில் மெகாஹெர்ட்ஸ் முழுவதும் சிறிய எழுத்தில் அமைந்தது. மில்லிநொடியும் அவ்வாறே அமைந்தது. ஒரே பட்டியலில் சிறிய 'எம்' ஓரிடத்தில் மெகாவையும் மற்றோரிடத்தில் மில்லியையும் குறித்தது. ஆயினும் குழப்பம் எழவில்லை. கணினிக் கடிகாரத்தில் மில்லிஹெர்ட்சும், சாதனத் தாமதத்தில் மெகாநொடியும் நடைமுறையில் வருவதில்லை. எனவே சூழலே பொருளைத் தெளிவாக்கியது. பட்டையகலத்தில் அவ்வுதவி கிடைப்பதில்லை. கிலோபிட்டும் கிலோபைட்டும் இரண்டுமே நடைமுறையில் உள்ளவை. இரண்டும் ஒரே சாதனத்திற்குப் பொருந்தக்கூடிய எண்களைத் தருபவை. எட்டு மடங்கு வேறுபாட்டைச் சூழலால் கண்டறிய இயலாது. இதனால் பைட்டைக் குறிக்கும் எழுத்தை மட்டும் பெரிய வடிவில் எழுதுவது விதிவிலக்காக ஏற்கப்பட வேண்டியதாயிற்று.

அலகை முழுச் சொற்களால் எழுதுவது மற்றொரு வழி. மைக்ரோவோல்ட், மில்லிசெல்சியஸ் ஆகியவை முழுமையாகவே எழுதப்படுகின்றன. ஆனால் சாதன மர விவரக்குறிப்பு பண்பின் பெயருக்கு 31 எழுத்துகளை எல்லையாக வகுத்துள்ளது. 'நொடிக்குக் கிலோபைட்' என்பதை ஆங்கிலத்தில் இணைப்புக் கோடுகளுடன் முழுமையாக எழுதினால் 21 எழுத்துகள் அதற்கே செலவாகும். எஞ்சும் 10 எழுத்துகளில் பண்பின் பொருளைக் கூறுவது கடினம்.

4. நொடிக்குக் கிலோபைட்: லினக்ஸ் கருனியின் தெரிவு

சில்லின் உட்புறப் பாதைகளை மேலாளும் இடையிணைப்புச் சட்டகம் லினக்ஸ் கருனியின் 5.1 பதிப்பில், 2019ஆம் ஆண்டில் இடம்பெற்றது. இச்சட்டகத்தில் ஒவ்வோர் இயக்கியும் தனக்கு வேண்டிய சராசரிப் பட்டையகலத்தையும் உச்சப் பட்டையகலத்தையும் கோருகிறது. இரண்டும் 32 பிட் குறியற்ற எண்கள். இரண்டின் அலகும் நொடிக்குக் கிலோபைட். அடுத்து, செயலியின் அதிர்வெண் உயரும்போது நினைவகப் பாதையின் வேகத்தையும் உயர்த்துவதற்காக, இயக்கப் புள்ளி அட்டவணையில் பட்டையகலத்தை எழுதும் பண்புகள் தேவைப்பட்டன. தொடக்க வரைவுகளில் மெகாபைட் அலகு முன்வைக்கப்பட்டது. முடிவில் கருனியின் உள் அலகோடு பொருந்தும் கிலோபைட் ஏற்கப்பட்டது. 'ஓபிபி-பீக்-கேபிபிஎஸ்', 'ஓபிபி-ஏவிஜி-கேபிபிஎஸ்' என்னும் அப்பண்புகளில் 'கே' சிறிய எழுத்தாகவும் பைட்டைக் குறிக்கும் 'பி' பெரிய எழுத்தாகவும் அமைந்தன. 2020இல் வெளிவந்த 5.8 பதிப்பு முதல் கருனி இவற்றைப் படிக்கிறது.

பிற அலகுகளில் சிந்திக்கும் இயக்கி ஆசிரியர்களுக்கென மாற்று வாய்பாடுகளும் சட்டகத்தில் தரப்பட்டுள்ளன. மெகாபைட்டை 1000ஆல் பெருக்கும் வாய்பாடு, கிலோ என்பது ஆயிரமே என்பதை ஐயமின்றி நிறுவுகிறது. கிலோபிட்டை எட்டால் வகுக்கும் வாய்பாடு, மீதி இருந்தால் ஒன்றைக் கூட்டி மேல்நோக்கி முழுமையாக்குகிறது. நொடிக்குப் பிட் அலகில் தரப்படும் எதுவும் 1 எனவே கொள்ளப்படுகிறது. சிறு தேவை சுழியமாகிவிடக் கூடாது என்னும் கவனம் இவ்விரண்டிலும் தெரிகிறது. ஆயினும் பைட்டிலிருந்து கிலோபைட்டுக்கு மாற்றும் வாய்பாடு வெறும் வகுத்தலாகவே உள்ளது. 1000க்குக் குறைந்த எண் அங்குச் சுழியமாகும். ஒரே தொகுப்பிலும் முழுமையாக்கல் கொள்கை சீராக இல்லை என்பதை இது காட்டுகிறது.

இவ்வலகின் பயனை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். 1920க்கு 1080 புள்ளித் திரை, புள்ளிக்கு 4 பைட், நொடிக்கு 60 முறை எனில் தேவை நொடிக்கு 497,664 கிலோபைட். அதே புள்ளி அளவில், புள்ளிக்கு 2 பைட் வீதம் நொடிக்கு 30 படம் எடுக்கும் படக்கருவியின் தேவை 124,416 கிலோபைட். சட்டகத்தின் பொது முறைப்படி சராசரிகள் கூட்டப்படும். உச்சங்களுள் பெரியது எடுக்கப்படும். இரு சாதனங்களும் உச்சத்தையும் சராசரியையும் சமமாகக் கோரினால், சராசரிகளின் கூட்டுத்தொகை 622,080, உச்சம் 497,664. இரண்டனுள் பெரியதான 622,080ஐ 8 பைட் அகலமுள்ள பாட்டையின் அகலத்தால் வகுத்தால் 77,760 கிலோஹெர்ட்ஸ், அதாவது 77.76 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கிறது. பாட்டையின் கடிகாரம் இதற்குக் குறையாமல் இயங்க வேண்டும். கணக்கின் எந்தப் படியிலும் எட்டால் பெருக்கவோ 1024ஆல் வகுக்கவோ நேரவில்லை.

அலகு மாறினால் விளைவு யாது என்பதையும் இதே கணக்கில் காணலாம். திரையின் தேவையைக் கிலோபிட் எனத் தவறாகப் படித்தால் 62,208 கிலோபைட் மட்டுமே ஒதுக்கப்படும். திரை உடனே அறுபடும், பிழையும் உடனே வெளிப்படும். ஆனால் 1024 முறையில் கணக்கிட்டு 474 எனக் கோரி, அதனைக் கருனி பதின்ம மெகாபைட்டாகக் கொண்டால் 474,000 கிலோபைட் ஒதுக்கப்படும். தேவையைவிட இது 4.8 விழுக்காடு குறைவு. பாதையில் வேறு போக்குவரத்து இல்லாதபோது திரை செம்மையாகவே தெரியும். நெருக்கடி நேரத்தில் மட்டும் தவறும். சோதனையில் அகப்படாமல் பயனரிடம் சென்றடையும் பிழை இத்தகையதே. எட்டு மடங்குப் பிழையைவிட ஐந்து விழுக்காட்டுப் பிழை கண்டறிதற்கு அரியது.

5. மற்றொரு விவரிப்பு முறையுடன் ஒப்பீடு

மேசைக் கணினிகளிலும் வழங்கிகளிலும் வன்பொருள் விவரிப்பு பெரும்பாலும் ஏசிபிஐ அட்டவணைகள் வழியாக வருகிறது. 2017இல் வெளிவந்த ஏசிபிஐ 6.2 பதிப்பு, நினைவகங்களின் தாமதத்தையும் பட்டையகலத்தையும் கூறும் எச்மேட் அட்டவணையை அறிமுகப்படுத்தியது. அதில் ஒவ்வொரு பதிவும் 16 பிட் அகலமே உடையது. ஆனால் அட்டவணைக்குப் பொதுவான 64 பிட் அடிப்படை அலகு ஒன்று தனியே தரப்படுகிறது. பதிவை அவ்வடிப்படை அலகால் பெருக்கினால் நொடிக்கு மெகாபைட் அளவு கிடைக்கும். அலகின் ஒரு பகுதியைத் தரவுடனேயே அனுப்பும் இம்முறை கொள்ளளவுச் சிக்கலைத் தீர்க்கிறது.

எனினும் மெகாவின் பொருள் குறித்த சிக்கல் அங்கு நீடிக்கிறது. லினக்ஸ் கருனி இவ்வட்டவணையைப் படித்துப் பதிவேட்டில் அச்சிடும்போது மெகாபைட் என்னும் குறியீட்டை இடுகிறது. அதே அளவைப் பயனர்க்கு வழங்கும் கோப்புகளின் ஆவணமோ அது நொடிக்கு மெபிபைட் அலகில் உள்ளது என்கிறது. எண்ணோ மாறவில்லை, பெயர் மட்டும் 4.9 விழுக்காடு வேறுபடுகிறது. எந்த நினைவகம் விரைவானது என ஒப்பிடுவதற்கு மட்டும் இவ்வெண்கள் பயன்படும்வரை இதனால் தீங்கில்லை. அளந்து கண்ட மதிப்புடன் ஒப்பிட முனையும் ஆய்வாளர்க்கு இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது. பெயரில் அலகைச் சேர்த்து, அதன் பொருளை ஒரே இடத்தில் வரையறுக்கும் சாதன மர முறையின் பயன் இவ்வொப்பீட்டில் விளங்குகிறது.

6. மாற்ற இயலாமையும் எல்லைகளும்

சாதன மரத்தின் இருமக் கோப்பு பல கருவிகளில் தொடக்க ஏற்றியுடன் சேர்த்தே பதியப்படுகிறது. கருனி புதுப்பிக்கப்பட்டாலும் அக்கோப்பு பழையதாகவே இருக்கலாம். ஆகவே பழைய சாதன மரத்துடன் புதிய கருனி இயங்க வேண்டும் என்பது லினக்ஸ் வளர்ச்சியில் போற்றப்படும் விதி. இவ்விதியின்படி, ஒரு பண்பின் பெயரை வைத்துக்கொண்டு அலகை மட்டும் மாற்ற இயலாது. பழைய கோப்பிலுள்ள எண்ணைப் புதிய கருனி தவறாகப் படிக்கும். புதிய அலகு வேண்டுமெனில் புதிய பெயருடன் புதிய பண்பை உருவாக்கி, பழையதையும் தொடர்ந்து படித்தாக வேண்டும். அலகு பெயரில் இருப்பதன் மற்றொரு நன்மை இங்கு வெளிப்படுகிறது: அலகு மாறினால் பெயரும் தானே மாறிவிடுகிறது.

கிலோபைட் தெரிவுக்கும் எல்லை உண்டு. ஓர் எச்பிஎம்3 நினைவக அடுக்கின் பெருமப் பட்டையகலம் நொடிக்கு 819.2 ஜிகாபைட். என்விடியா நிறுவனத்தின் எச்200 முடுக்கியின் நினைவகப் பட்டையகலம் நொடிக்கு 4.8 டெராபைட் என அந்நிறுவனம் அறிவித்துள்ளது. இது 32 பிட் கிலோபைட்டின் எல்லையான 4.29 டெராபைட்டைக் கடந்துவிட்டது. இத்தகைய முடுக்கிகளின் நினைவகம் சாதன மரத்தில் விவரிக்கப்படுவதில்லை என்பதால் இன்று சிக்கல் இல்லை. கைப்பேசிச் சில்லுகளின் தேவை இவ்வெல்லைக்கு வெகுதூரம் கீழே உள்ளது. 64 பிட் அகலமுள்ள எல்பிடிடிஆர்4எக்ஸ்-4266 நினைவகம் 34.1 ஜிகாபைட் அளவையே தருகிறது. ஆயினும் தெரிவு செய்த அலகு காலவரையற்றது என்று கொள்வதற்கில்லை.

7. தமிழில் அலகுகளை எழுதுதல்

எழுத்தின் உருவால் பொருளை வேறுபடுத்தும் இச்சுருக்கமுறை தமிழுக்கு இயல்பானதன்று. தமிழ் எழுத்துகளில் பெரியது, சிறியது என்னும் பகுப்பு இல்லை. எனவே நொடிக்கு மெகாபிட், நொடிக்கு மெகாபைட் ஆகிய இரண்டின் ஆங்கிலச் சுருக்கங்களும் தமிழில் 'எம்பிபிஎஸ்' என ஒன்றாகிவிடுகின்றன. மருத்துவ இளநிலைப் பட்டத்தின் சுருக்கமும் அதே வடிவினது. பட்டத்துடன் உண்டாகும் மயக்கத்தைச் சூழல் நீக்கிவிடும். பிட், பைட் மயக்கத்தைச் சூழல் நீக்காது என்பது மேலே கண்ட செய்தி.

இச்சிக்கலுக்குத் தமிழிலேயே விடை உள்ளது. பிட், பைட் என்னும் சொற்கள் ஒலியால் தெளிவாக வேறுபடுகின்றன. 'நொடிக்கு 497,664 கிலோபைட்' எனச் சொல்லை முழுமையாக எழுதினால் மயக்கத்திற்கு இடமில்லை. இரும முன்னொட்டுகளில் மட்டும் தனிக் கவனம் தேவை. 1024ஐக் குறிக்கும் முன்னொட்டும், 1024இன் மூன்றாம் அடுக்கைக் குறிக்கும் முன்னொட்டும் ஆங்கிலத்தில் முதல் ஒலியால் வேறுபடுகின்றன. ஒலிப்புடைய, ஒலிப்பற்ற வல்லின ஒலிகளின் வேறுபாட்டை எழுத்தில் காட்டாத தமிழில் இரண்டும் 'கிபி' என்றே எழுதப்படும், மேலே 3.2ஆம் பகுதியில் அவ்வாறே நேர்ந்துள்ளது. இவ்விடங்களில் '1024 பைட்' என எண்ணையே எழுதுவதோ, பிந்தையதை 'ஜிபி' என வேறுபடுத்துவதோ தக்கது. தமிழில் எழுதப்படும் பாடநூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் சுருக்கங்களை ஒலிபெயர்ப்பதைத் தவிர்த்து முழு அலகுப் பெயரைப் பயன்படுத்துவது, நடை சார்ந்த விருப்பமன்று. பொருள் சார்ந்த தேவை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

சாதன மரத்தில் எண்ணுடன் அலகு செல்வதில்லை. ஆகவே பண்பின் பெயரே அலகைச் சுமக்க வேண்டும். அதனைக் கருவியால் சரிபார்க்க இயல வேண்டும்.

வேகத்தைத் தலைமுறை எண்ணாகவோ சொற்சரமாகவோ எழுதுவது தனித்தனிச் சாதனங்களுக்குப் பொருந்தும். பகிரப்படும் பாதைகளில் தேவைகளைக் கூட்ட வேண்டியிருப்பதால் அங்குப் பொது அலகு இன்றியமையாதது.

நொடிக்குக் கிலோபைட் என்னும் தெரிவு, பாட்டையின் அகலத்தோடு நேரே கணக்கிடத்தக்கது. பதின்ம முறையால் அதிர்வெண்ணோடு இயைவது. 32 பிட் அறையில் சிறு இணைப்பு முதல் 4.29 டெராபைட் வரை அடக்குவது. சிறிய எழுத்து மரபை மீறும் அதன் வடிவம், எட்டு மடங்குப் பிழையைத் தவிர்ப்பதற்குத் தரப்படும் விலையாகும்.

அலகைத் தெரிவு செய்யும்போது பெரும மதிப்பை மட்டுமன்றிச் சிறும மதிப்பையும், முழுமையாக்கும் திசையையும் சேர்த்து வரையறுத்தல் வேண்டும். மாற்று வாய்பாடுகளில் காணப்படும் சீரின்மை இவ்வரையறை இன்னும் முழுமை பெறவில்லை என்பதை உணர்த்துகிறது.

தமிழில் இத்துறையை எழுதுவோர் அலகின் பெயரை முழுமையாக எழுதுதல் வேண்டும். ஆங்கிலக் குறியீடு எழுத்தின் உருவால் காக்கும் வேறுபாட்டைத் தமிழ் முழுச்சொல்லால் காக்க இயலும்.